ஒரு நாள் மட்டும் திறக்கும் மலை

திருக்காட்டுப்பள்ளியில் எந்தத் திசையில் திரும்பினாலும் நெல்வயல், வாழைத்தோட்டம், தென்னை, வாய்க்கால்தான். குன்று என்று சொல்லிக்கொள்ள ஒரு கல்மேடுகூடக் கிடையாது. மலைமேல் ஒரு கோயிலைப் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்குப் பஸ் ஏறி உச்சிப்பிள்ளையாரை அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்தச் சமவெளியின் மகள் ஒருத்தி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலே தெய்வமாக இருக்கிறாள். காவிரி கடலில் சேரும் புகாரில் பிறந்த கண்ணகிதான் அவள். தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் அங்கே போக முடியும்.

மீதி 364 நாளும் அவள் யாருக்கும் கிடைக்கமாட்டாள். நினைத்த நேரத்தில் பார்க்க முடியாத ஒருத்தியை நம் தெய்வம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது? கேட்டவுடன் எல்லாம் கைக்கு வந்துவிடும் இந்தக் காலத்தில் இது கோயிலோடு நின்றுவிடும் கேள்வியும் அல்ல.

கண்ணகி மலையேறியது ஒரு நெடும்பயணத்தின் முடிவில். புகாரை விட்டுப் புறப்பட்ட அவளும் கோவலனும், வழியில் கவுந்தியடிகளைச் சேர்த்துக்கொண்டு, காவிரியின் வடகரையோடு திருவரங்கம் வரை நடந்து, ஆற்றைக் கடந்து உறையூர் போனதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. திருக்காட்டுப்பள்ளி என்ற பெயரில் டெல்டாவில் இரண்டு ஊர்கள் உண்டு. இரண்டுமே தேவாரப் பாடல் பெற்றவை. கீழைத் திருக்காட்டுப்பள்ளி திருவெண்காட்டுக்குப் பக்கத்தில், கண்ணகி பிறந்த ஊரை ஒட்டியே இருக்கிறது. அக்னீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் மேலைத் திருக்காட்டுப்பள்ளியோ குடமுருட்டிக் கரையில். ஆக, அவள் நடந்த தடம் கீழைக் காட்டுப்பள்ளிக்கு அருகில் தொடங்கி, மேலைக் காட்டுப்பள்ளிக்கு எதிர்க்கரை வழியாகப் போயிருக்க வேண்டும். மதுரையில் கணவனை இழந்து, நகரை எரித்து, வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் நெடுவேள்குன்றத்தில் வேங்கை மர நிழலில் நின்றாள். அங்கே அவளைப் பார்த்தவர்கள் குன்றக் குறவர்கள். அரசனோ புலவனோ அறியும் முன்பே அவளைத் தெய்வமாகக் கொண்டாடியவர்களும் அவர்கள்தான். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துச் சிலை வடித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தக் குன்று எது என்று தேடிப் போனவரும் தஞ்சைப் பக்கத்துக்காரரே. கரந்தைப் புலவர் கல்லூரியின் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கண்ணகி போன வழியைக் காப்பியத்தின் துணையோடு தேடித் தேடி நடந்து, 1963-ல் இந்த மலையில் இடிந்து கிடந்த கோயிலைக் கண்டு, இதுவே கண்ணகிக் கோட்டம் என்று அறிவித்தார். இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாளே கூடலூரிலும் குமுளியிலும் வந்து குவியும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை.

அந்த ஒரு நாளுக்காகத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசுகின்றன. எத்தனை மணிக்கு ஏறலாம், எப்போது எல்லோரும் இறங்கிவிட வேண்டும், குடிநீர் எங்கே வைப்பது, ஜீப்புக்கு என்ன கட்டணம் என்று எல்லாம் முடிவாகிறது. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. குமுளியிலிருந்து கேரள வனப்பகுதி வழியாக ஜீப்பில் போகலாம். தமிழகப் பக்கம் பளியங்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான செங்குத்துக் காட்டுப்பாதை. அதில் கால்தான் வாகனம். மேலே பொங்கல் வைக்கிறார்கள். வளையலும் மங்கல நாணும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். பொழுது சாய்வதற்குள் மலை மறுபடி யானைகளுக்கும் காட்டுமாடுகளுக்கும் போய்விடுகிறது.

அதே பௌர்ணமியில் பூம்புகாரில் இந்திர விழா. காப்பியத்தில் அந்த விழாவை ஒட்டித்தான் கோவலன் மாதவியோடு பிணங்கிப் பிரிகிறான். கண்ணகியின் நடையும் அங்கிருந்தே தொடங்குகிறது. பிறந்த ஊரிலும் தெய்வமான இடத்திலும் ஒரே நிலவில் விழா நடக்க, இரண்டுக்கும் நடுவே காவிரி மணலாகக் கிடக்கிறது. சித்திரையில் அதில் தண்ணீர் இருப்பதில்லை.

இதைப் பற்றி டெல்டாக்காரரிடம் யாரும் வருத்தப்பட்டுப் பேசத் தேவையில்லை. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் மூடல் என்பது மரபு. ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் ஆறு மூடியே இருக்கும். திறப்பு நாளும் சொன்னபடி வருவதில்லை: 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காக்க வைத்தார்கள். கல்லணையைத் தாண்டித் தண்ணீர் வரும் நாளைக் கணக்கிட்டே நாற்றங்கால், உழவு, கல்யாணத் தேதி வரை முடிவாகும். வறண்ட ஆற்றைப் பார்த்து ‘இது எங்கள் ஆறு இல்லை’ என்று இங்கே எவரும் சொன்னதில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் வராத வருஷத்திலும் படித்துறைக்கு வந்து குழாய்த் தண்ணீரை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தெய்வங்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், தஞ்சை வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குலதெய்வம். கோயில் வழிபாட்டுக்குத் திறப்பது முக்கியமாகத் திங்களும் வெள்ளியும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருப்பதாக நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டுக் கோபத்தோடு வந்த கண்ணகியே இந்தக் காளி என்று ஒரு கதை உண்டு. ஊர் முதலில் செல்லியம்மனுடையது. அவளைத் துன்புறுத்திய மந்திரவாதியை வந்தவள் அழிக்க, செல்லி தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாளாம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து போகிற குடும்பம் வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டு, அங்கேயே அரிசி இடித்து மாவிளக்குப் போட்டுவிட்டு வரும். புதன்கிழமை வசதியாக இருக்கிறதே என்று அம்மனிடம் சொல்ல முடியாது. சமயபுரத்தாளோ மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர் தவிர நைவேத்தியம் கிடையாது. பக்தருக்காக அவள் பட்டினி கிடக்க, மஞ்சள் ஆடையோடு அவளிடம் நடந்து போகிறது டெல்டா.

எப்போதும் திறந்திருக்கும் மலை எப்படி இருக்கும்? ஜம்முவில் திரிகூட மலையில் உள்ள வைஷ்ணோ தேவியைப் பார்க்கலாம். 1986-ல் கோயில் வாரியம் அமைந்தபின் பாதை, விளக்கு, தங்குமிடம் எல்லாம் வந்தன. பேட்டரி வண்டியும் ஹெலிகாப்டரும் உண்டு. ஆண்டு முழுவதும் இரவிலும் ஏறுகிறார்கள். 2022, 2023, 2024 ஒவ்வொன்றிலும் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அந்த ஏற்பாடு தரிசனத்தைத் தந்திருக்கிறது. அதை ஏளனம் செய்ய முடியாது. ஆனாலும் எல்லா நாளும் திறந்திருக்கும் அந்த மலையிலேயே, 2022 புத்தாண்டு அதிகாலை நெரிசலில் 12 பேர் இறந்தார்கள். திறந்த நாட்கள் கூடினாலும், கூட்டம் தனக்கென்று ஒரு நாளைத் தேடிக்கொண்டுவிடுகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அடைத்திருப்பதே அழகு என்று முடித்துவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது. சிறுவாச்சூராள் ஐந்து நாள் மலைக்குப் போவது அவள் விருப்பம். ஊரும் அதற்கு இசைந்தது. மங்கலதேவியின் 364 நாளை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. புலிகளின் காடும் இரண்டு மாநிலங்களின் எல்லை வழக்கும் சேர்ந்து போட்ட பூட்டு அது. கட்டிக் கொடுத்த மகள் ஆடிக்கும் பொங்கலுக்கும் மட்டும் தாய்வீடு வந்த காலத்தைப் பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள். தினமும் வாட்ஸப்பில் முகம் பார்க்கிற இந்தக் காலத்தில் அந்த ஆர்வம் இல்லை என்பார்கள். ஆனால் அந்தக் காலத்து மகளுக்கு வர ஆசை இருந்தும் அனுமதி இல்லாத வருஷங்கள் எத்தனையோ இருந்தன. வராமல் இருப்பது ஒன்று, வர விடாமல் வைப்பது வேறொன்று. ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே கண்ணகியின் மலைக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதைவிட, இருக்கிற ஒரு நாளில் யார் யாரெல்லாம் போக முடிகிறது என்று கேட்பதே மேல். காட்டுப்பள்ளியிலிருந்து திருச்சி, திண்டுக்கல், தேனி வழியாகக் குமுளிக்கு வந்து சேரும் எழுபது வயது மூதாட்டிக்குப் பளியங்குடிப் பாதை இயலாது. ஜீப்புக்கான வரிசையோ விடியும் முன்பே நீண்டுவிடும். தமிழகப் பக்கப் பாதையைச் சீர்செய்ய வேண்டும் என்று தேனிப் பக்தர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பௌர்ணமிதோறும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கையும் உண்டு. இரண்டாவதற்குக் காடு தயங்குவதில் நியாயம் இருக்கிறது. யானைக்கும் அந்த மலை வீடுதான். முதலாவதற்கு இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும்; சித்ரா பௌர்ணமிக்கு முன் ஆண்டுதோறும் அவர்கள் உட்காரத்தான் செய்கிறார்கள்.