அம்மனுக்குப் பட்டினி, பெருமாளுக்கு ரொட்டி

மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், சமயபுரம் மாரியம்மனுக்கு 28 நாள் சமைத்த சோறு கிடையாது. துள்ளு மாவு, பானகம், நீர்மோர், இளநீர், கரும்பு, இவ்வளவுதான் நைவேத்தியம். இதற்குப் பச்சைப் பட்டினி என்று பெயர். வேண்டுதலுக்காக மனிதர்கள் விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. சமயபுரத்தில், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனே விரதம் இருக்கிறாள். வெயில் ஏறி அம்மை போடுகிற காலம் அது.

கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் வேறு கதை. ரங்கநாதரை மாரியம்மனுக்கு அண்ணன் என்பார்கள். தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் தங்கைக்கு அண்ணன் வீட்டுச் சீர் வந்து சேரும். அந்த அண்ணன் ஸ்ரீரங்கத்தில் காலை ரொட்டி வெண்ணெய் தொடங்கி இரவு அரவணை வரை வேளை தவறாமல் அமுது செய்கிறார்.

கடவுளுக்குப் பசிக்குமா? கல்லுக்கும் செம்புக்கும் ஏது வயிறு, பசித்தவனுக்குப் போடாமல் சிலைக்கு முன்னால் வைப்பானேன் என்று தமிழ்நாட்டில் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்வி. அதைக் கோபித்துக்கொண்டு ஒதுக்குவதில் பொருளில்லை.

ஸ்ரீரங்கத்து ஆசாரியர்கள் இதற்குத் துணிச்சலாகவே பதில் சொன்னார்கள். எல்லாம் உடையவன், சிலையாக நிற்கும் அர்ச்சாவதாரத்தில் தன்னை அடியவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டான். அவர்கள் நீராட்டினால் உண்டு, ஊட்டினால் உண்டு என்று இருக்கிறான். அவனுக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஆனாலும் நம் கையை எதிர்பார்த்திருப்பதை அவனே விரும்பி ஏற்றுக்கொண்டான் என்பது அவர்கள் கொள்கை.

கொள்கையைவிட அழுத்தமாக இதைச் சொல்வது, ராமானுஜரைப் பற்றி அங்கே வழிவழியாக வரும் ஒரு கதை. ஒருநாள் உற்சவர் நம்பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதைப் பார்த்த ராமானுஜர், என்ன அமுது செய்வித்தீர்கள் என்று விசாரித்தார். நாவல் பழமும் தயிர் சாதமும் என்றார்கள். இரண்டும் சேர்ந்தால் திருமேனிக்கு ஒத்துக்கொள்ளாதே என்று பதறியவர், மருத்துவக் கடவுளான தன்வந்திரிக்குச் சொல்லிக் கஷாயம் கொடுக்கச் செய்தார். தன்வந்திரி சன்னதி இன்றும் அந்தக் கோயிலில் இருக்கிறது.

பிரம்மசூத்திரத்துக்கு உரை எழுதியவர் ராமானுஜர். பரம்பொருளுக்குச் செரிமானக் கோளாறு வராது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கவலை வந்ததாகத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது. பக்தி என்றால் எதிரில் இருப்பவரின் உடம்பைக் கவனிப்பது, காலம் அறிந்து கொடுப்பது என்று அந்தக் கதை கொள்கிறது. ஆடியில் பழுக்கும் நாவலை எதோடு தரலாம், எதோடு தரக்கூடாது என்று யோசிப்பதும் வழிபாடுதான்.

ஆனிக் கணக்கு வேறு. ஜேஷ்டாபிஷேகம் முடிந்த மறுநாள் பெரிய திருப்பாவாடை. மூலவரான பெரிய பெருமாள் முன்னால் சோற்றைப் பரப்பி, நெய்யைத் தாராளமாக விட்டு, மா, பலா, வாழை சேர்த்து அமுது செய்விக்கிறார்கள். மாவும் பலாவும் குவிகிற மாதம், அதனால் அவருக்கும் அதுவே. எந்த மாதத்தில் எது விளைகிறதோ அதுதான் தளிகை என்ற ஒழுங்கு வீட்டுக்கும் பொது: சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி, தையில் புதுநெல்லும் மொச்சையும் பூசணியும், மார்கழி ஏகாதசிக்கு மறுநாள் புளி சேர்க்காமல் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும்.

காலை ரொட்டிக்கும் ஒரு சொந்தக்காரி உண்டு. டெல்லி சுல்தானின் மகள் பெருமாள்மேல் காதல் கொண்டு அவரைத் தேடி வந்து அவரோடு கலந்துவிட்டாள் என்பது கோயில் மரபு. துலுக்க நாச்சியார் என்று அவளுக்கு ஒரு சன்னதி. அங்கே சிலை இல்லை, சுவரில் தீட்டிய ஓவியம்தான். அவள் பிறந்த வீட்டுச் சாப்பாடு பெருமாளின் காலைத் தளிகையில் சேர்ந்துவிட்டது. மருமகள் கொண்டுவந்த பதார்த்தம் நாளடைவில் அந்தக் குடும்பத்துச் சமையலாகிவிடுவது நம் எல்லார் வீட்டிலும் நடப்பதே. எங்கள் வீட்டு வழக்கம் இது, இதை மாற்றக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அந்த ரொட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கினால், காவிரியே கர்ப்பிணி. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாக வேண்டுமே என்று புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று கலந்து எடுத்து வருகிறார்கள். முதல் நாளே புளிக்காய்ச்சல் தயாராகிவிடும். கெட்டியாகக் கரைத்த புளி, நல்லெண்ணெய், மிளகாய், கடலைப்பருப்பு, பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம் எல்லாம் கொதித்துச் சுண்டி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்க வேண்டும். படைக்கிற சமையல் என்பதால் கிளறுகிறவர் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. உப்புப் போதுமா என்பதை அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். சமைப்பவரின் நாக்குக்கு அங்கே கடைசி இடம். தான் ருசிப்பதற்கு முன்னால் இன்னொருவர் ருசிக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாக யாரும் பழக்க முடியாது.

திருச்சி மலைக்கோட்டையில் சிவன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காவிரி வெள்ளத்தில் தாய் வந்து சேர முடியாமல் போக, பிரசவ வலியில் தவித்த ரத்னாவதிக்குத் தாயாகவே வந்து பேறுகாலம் பார்த்தவர் தாயுமானவர். செட்டிப்பெண் மருத்துவம் என்ற அந்த விழாவில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்தும் எண்ணெயும்தான் பிரசாதம். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து கட்டுகிறார்கள்.

பசித்தவனுக்குப் போடாமல் என்ற கேள்விக்கு இங்கே வாயால் மட்டும் பதில் சொன்னால் போதாது. நாள் முழுவதும் அன்னதானம் 2012இல் ஸ்ரீரங்கத்திலும் 2021இல் சமயபுரத்திலும் தொடங்கியது. நைவேத்தியத்தின் நேர்மையை அந்தப் பந்தியில்தான் சோதிக்க வேண்டும். பெருமாளுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று ராமானுஜர் பட்ட கவலை, பந்தியில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்காகவும் பட வேண்டிய கவலை.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்குத் துள்ளு மாவே போதும், அடுப்பே வேண்டாம். பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் பரப்புங்கள். ஈரம் லேசாக இருக்கும்போதே இடித்துச் சலித்து, பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசிறுங்கள். பங்குனி வெயிலுக்குக் கூடவே ஒரு சொம்பு பானகம்: வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை. மாவு ஈரமாவு, மறுநாள் வரை தாங்காது. அன்றைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.