தனிப் பயணமும் அமானிதமும்

உத்திரமேரூரிலிருந்து ஒருவர், முதலாளியின் பணத்தோடு, சரக்குக் கொள்முதலுக்காகத் தன்னந்தனியே தில்லிக்குப் புறப்படுகிறார். பயணச்சீட்டு, தங்குமிடம், கட்டுச்சோறு யாவும் ஆயத்தம். வீட்டாரின் கவலை வழியைப் பற்றியது. உண்மையான கேள்வியோ வேறு: அறிந்த முகமே இல்லாத ஊரில், எண்பது ரூபாய்ச் செலவை நூறென்று எழுதினால் கேட்பார் யார்?

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் இவ்வூரில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையின் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. உறவினர் செய்த குற்றம் என்ன? இவ்விதி கடுமையானதே. எனினும் அதில் ஓர் உண்மை உண்டு. மறைத்த காசு ஒருவரோடு நிற்பதில்லை; வீட்டார் அனைவரின் தட்டிலும் வந்து விழுகிறது.

அங்கே சபை கண்காணித்தது. தனிப் பயணியைக் கண்காணிப்பது அவனுடைய ஈமானே. பயணிக்கு மார்க்கம் சலுகைகள் தந்துள்ளது. நான்கு ரக்அத் இரண்டாகிறது. ரமலான் நோன்பைப் பின்னர் நோற்கலாம். அமானிதத்துக்கு மட்டும் கஸ்ர் இல்லை!

படி போதாதெனில், புறப்படுமுன் கேட்பது உரிமை. திரும்பியபின் கணக்கில் கூட்டுவது களவு.

ஆகவே, பெட்டியில் துணிமணியோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் வைத்தனுப்புங்கள். அன்றைய செலவை அன்றே எழுதியவர், தம் பிள்ளைகளின் முகத்தைக் கூச்சமின்றிப் பார்ப்பார்.