இருட்டுக்குள் ஒரு நீலம்

அபூர்வமான நீலப் படிகங்களைத் தேடிச் சேர்க்கும் ரசிகர்கள் ஆசைப்படும் கற்களில் விவியனைட் ஒரு விசித்திரம். ஜான் ஹென்றி விவியன் என்பவரின் பெயரை 1817இல் அதற்குச் சூட்டியவர் வெர்னர் என்ற ஜெர்மானிய நிபுணர். இரும்பும் பாஸ்பேட்டும் நீரும் கூடி விளைவது அது. ஈர மண்ணில் புதைந்த எலும்பின்மீதுகூடப் பூக்கும். (செத்த பிறகும் நம் எலும்பு சும்மா இருப்பதில்லை!) மண்ணுக்குள் இருக்கும்வரை அதற்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. காற்றும் வெளிச்சமும் பட்டதும் உள்ளிருக்கும் இரும்பு மாறுகிறது, நீலம் ஏறுகிறது. மேலும் மேலும் வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும்.

அதனால் விஷயம் தெரிந்தவர் அதை இருட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். லோபிகூட ராத்திரியில் பணத்தை எண்ணிப் பார்த்து மகிழ்வான். எண்ணுவதால் காசு குறைவதில்லை. இவருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. இதைத் துறவு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சாவி அவர் இடுப்பில்தானே இருக்கிறது! ஆனால், கேலி செய்யவும் வாய் எழவில்லை. அவர் கொண்டாடும் அந்த நீலமே, கல் கெடத் தொடங்கியதன் அடையாளம். வெளிச்சமே படாதிருந்தால் காப்பாற்ற அங்கே நீலம் ஏது?

நானாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு நாளாவது பெட்டியைத் திறந்துவிடுவேன், விளக்கைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு.