சாதாரணச் செடிக்கும் ஒரு தொட்டி

படத்தில் பார்த்தால் அதைப் பூ என்று சொல்லத் தோன்றாது. நீல நூலைப் பிரித்துத் தொங்கவிட்ட மாதிரி இதழ்கள். இலையும் ஒல்லியாகிச் சுருண்டு, கொடி என்ற அடையாளமே இல்லாமல் நிற்கும். ஜப்பானியர் அசகாவோ என்று அழைக்கும் செடியின் விசித்திர வகைகளில் அது ஒன்று. நம் வேலிகளில் யாரையும் கேட்காமல் ஏறிக்கொள்ளும் கொடிக்காக்கட்டானின் கூட்டம்தான். விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். சீனாவிலிருந்து ஜப்பானுக்கு அது மருந்தாகத்தான் போனது. விதையைப் பேதிக்குக் கொடுப்பார்கள்.

அந்த மருந்துச் செடி அழகுச் செடியானது எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில். 1804 தொடங்கிச் சில பத்தாண்டுகளும், பிறகு 1848க்கும் 1860க்கும் இடையிலும் அந்த நகரத்துக்கே அசகாவோ பித்துப் பிடித்தது. வரும்படி போதாத கீழ்நிலைச் சாமுராய்கள் கொல்லையில் வளர்த்து விற்றார்கள். சந்து வீட்டுக்காரர்களுக்குத் தோட்டம் ஏது? ஒரு தொட்டி, படர ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் காலை வெயில். அவ்வளவு போதும். கண்காட்சி வைத்து, சுமோ மல்லர்களுக்குப் போடுகிற தர வரிசைத் தாளைப் பூக்களுக்கும் அச்சடித்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், பூ எவ்வளவு அதிசயமோ அவ்வளவு மலடு. அடுக்கடுக்காக இதழ் பெருகும் வகையில் மகரந்தத் தாள்களே இதழ்களாகிவிடும். சூலகமும் சூலகமாக இருக்காது. விதைக்கு வழியில்லை. செடியோ ஒரு பருவத்தோடு காய்ந்துபோவது. அப்படியானால் அடுத்த வருடம் அந்தப் பூ எங்கிருந்து வரும்?

அதன் உடன்பிறப்பிடமிருந்து வரும். ஒரே தாய்ச்செடியின் விதைகளில் நாலில் ஒன்றோ பதினாறில் ஒன்றோதான் விசித்திரமாக முளைக்கும். மற்றவை பார்வைக்கு வெறும் கொடிகள். ஆனால் அவற்றில் சில, வெளியே காட்டாமல், அந்தக் குணத்தை உள்ளே வைத்திருக்கும். எது வைத்திருக்கிறது என்று இலையைப் பார்த்தோ பூவைப் பார்த்தோ சொல்ல முடியாது. அதனால் சாதாரணச் செடிகளையும் தொட்டியில் வளர்த்து, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, அடுத்த வருடம் விதைத்து, வித்திலை கோணலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் போன வருடத்துச் செடியின் அருமை தெரியும். அதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும். மெண்டல் தன் பட்டாணிக் கணக்கை வெளியிட்டது 1866இல். அதற்கு முன்பே, கணக்கின் பெயர் தெரியாமல், எடோவின் தோட்டக்காரர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த மரபின் விதைகள் பலவற்றைக் கியூஷு பல்கலைக்கழகம் இன்றும் காத்து வைத்திருக்கிறது.

ஹாலந்தில் 1630களில் பித்துப் பிடிக்க வைத்த துலிப்களின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. இதழில் தீ நாக்காக ஓடிய வரிகளுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. வரி அழகாக விழுந்த கிழங்கு நலிந்துபோகும், குட்டிக் கிழங்கு விடத் திணறும். பூ அரிதாக அரிதாக விலை ஏறியது.

மல்லிகை வளர்க்கும் நமக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. அடுக்கு மல்லியும் விதைக்குக் காத்திருக்க முடியாத செடிதான். ஆனால் கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் பதியன் தயார். மதுரை மல்லிக்கான நாற்று இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருவது பூ விவசாயிகள் அறிந்தது. பதியன் என்றால் அதே செடி. ஏமாற்றமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. என் மொட்டைமாடி முழுக்கப் பதியன்கள்தான். நிச்சயத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

அசகாவோ கதையைப் படித்ததும் மனசு ஓர் ஆறுதலைத் தேடிப் போனது: அதிசயங்களைச் சுமப்பவர்கள் சாதாரணமானவர்களே என்று. அந்த ஆறுதல் எனக்கு ஒட்டவில்லை. அந்த வெறும் கொடியை அதன் பொருட்டே யாரும் வைத்திருக்கவில்லையே. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அதன் விதைப் பொட்டலம் கழிவுதான். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. அத்தை நன்றாக வரைவார். “உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? உன் வயித்துல பொறக்கிறவன் பெரிய ஓவியனா வருவான்” என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னாராம். அத்தை அதை எங்களிடம் ஒருபோதும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. அவருக்கு இரண்டு பையன்கள். இருவருக்கும் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு வராது.

ஆகவே சுமப்பதைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தோட்டக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று: தெரியாத அந்த ஒரு வருடம். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெயில். பெற்ற பிள்ளைகளிடம்கூட நாம் அவ்வளவு பொறுப்பதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த அன்றே யாருக்கு எந்தத் தொட்டி என்பது முடிவாகிவிடுகிறது.

ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டியில் அசகாவோ வளர்ப்பது இன்றும் வழக்கம். கோடை விடுமுறை வந்தால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். விசித்திர வகை எதுவும் இல்லை, வட்டமாக விரியும் சாதாரணப் பூ. டோக்கியோவின் இரியா பகுதியில் ஜூலை 6 முதல் 8 வரை நடக்கும் அசகாவோ சந்தையிலும் பெரும்பாலும் அந்த வகையே விற்பனையாகிறது. பூக்கிற காலைக்கு அது போதும் என்று வாங்கிப் போகிறார்கள்.

பதியன்களுக்கு நடுவே இந்த முறை ஒரு தொட்டியில் காசித்தும்பை விதை போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் பல நிறச் செடிகளிலிருந்து கலந்து பொறுக்கிக் கொடுத்தது. என்ன நிறம் வரும் என்று மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாமல் எதற்கு இவ்வளவு எரு என்றாள்.