பாதியில் கிடக்கட்டும்!

உங்கள் வீட்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். டி.வி-க்கு ஓர் இடம் இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு இருக்கிறது. செருப்புக்கு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை இறங்கிவரும் கொலு பொம்மைகளுக்குக்கூடப் பரண் இருக்கிறது. தைக்கிற, வரைகிற, களிமண் பிசைகிற ஒருத்தர் வீட்டில் இருந்தால், அவருக்கு?

'அதான் டைனிங் டேபிள் இருக்கே!' என்பீர்கள். இருக்கிறது... சாப்பாட்டு நேரம் வரைக்கும்!

நான் பி.காம். எதையும் கணக்குப் போட்டால்தான் புரியும். மத்தியானம் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணி, கத்தரிக்கோல், நூல்கண்டு எல்லாவற்றையும் எடுத்துப் பரப்ப இருபது நிமிடம். விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க இருபது. திரும்பவும் மூட்டை கட்ட இருபது. பாதி நேரம் காலி! நாலாவது நாள், 'யார் எடுத்து வைக்கிறது... நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மனசு சொல்லும். வீடு என்ன சொல்லும்? 'அவளுக்கு எதிலும் ஆர்வம் நிலைக்காது.'

'ஜேன் ஆஸ்டினுக்குத் தனி அறையா இருந்தது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில், சாட்டன் கிராமத்து வீட்டில், ஆள் வந்தால் சட்டென்று மறைக்கக்கூடிய சின்னத் தாள்களில்தான் அவர் நாவல் எழுதினார் என்று அவருடைய அண்ணன் மகன் 1869-ல் வெளியான புத்தகத்தில் சொல்கிறார். அங்கே ஒரு கதவு கிரீச்சிடும். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்றாராம் ஆஸ்டின். சத்தம் கேட்டதும் தாளை மறைத்துவிடலாமே!

தாளை மறைக்கலாம். தஞ்சாவூர் ஓவியத்தை என்ன செய்வது? மக்கு வைத்தால் அது காய வேண்டும். காய்ந்த பிறகுதான் தங்க ரேக் ஒட்ட முடியும். ஈரப் பலகையைப் பீரோவுக்குள் செருக முடியாது.

கைவேலைக்கு அழகான அறை தேவையில்லை. ஜன்னல் ஓரமாக மூன்றடிப் பலகை ஒன்று போதும். வலது கைக்காரருக்கு இடது பக்கம் வெளிச்சம், எட்டுகிற தூரத்தில் கருவிகள். அத்துடன் ஒரு வீட்டுச் சட்டம்: அதில் கிடப்பதை வேறு யாரும் தொடக் கூடாது!

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டைப் பாருங்கள். கூடத்தின் நல்ல இடத்தைத் தறி பிடித்துக்கொள்ளும். பாதி நெய்த சேலை ராத்திரியும் அதிலேயே இருக்கும். 'விருந்தாளி வர்றாங்க, எடுத்து மடிச்சு வை' என்று யாரும் சொல்வதில்லை. அது சோறு போடுகிறதே!

அப்படியானால், சோறு போடாத வேலைக்கு வீட்டில் இடம் கிடையாதா? நாம் விடை சொல்லாமல் நழுவுகிற கேள்வி இதுதான். 'முதல்ல சம்பாதிச்சுக் காட்டு, அப்புறம் இடம்' என்கிறோம். நடக்க இடமில்லாத குழந்தையிடம், நடந்து காட்டினால் இடம் தருகிறேன் என்று சொல்வது போலத்தான் இது.

நாலு பேர் வாழும் இரண்டு அறை வீட்டில் மூன்றடி என்பதும் பெரிசுதான். ஒருவர் உட்கார இன்னொருவர் நகர வேண்டும். ஆனால், எப்போதும் ஒரே ஆள்தான் நகர வேண்டுமா?

கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் பாதியில் நிற்கும் வேலையைச் சொத்துப் பக்கத்தில்தான் எழுதுவார்கள். வீட்டில் மட்டும்தான் அதற்குக் குப்பை என்று பெயர்.

இன்று ராத்திரி டேபிளில் ஒரு பாதி ரவிக்கை கிடக்கிறதா? எடுக்கச் சொல்லாதீர்கள். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டால், சாதம் ஒன்றும் இறங்காமல் போய்விடாது!