மிச்சம் யாருக்கு?

சிக்கனம் என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் தலையசைக்காதவர்கள் நம்மில் வெகு சிலரே. சாஸ்திரத்தை ஒப்புக்கொள்ளாதவனும், சர்க்காரை ஒப்புக்கொள்ளாதவனும்கூட, வரவுக்குள் செலவு செய்யவேண்டும் என்றால் சரியென்றே சொல்லுவான். நாமும் அவ்வாறே சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தாம். ஆனால் 2023-ஆம் வருஷத்தில் நமக்கு நேர்ந்த ஒரு காரியம், அந்தத் தலையசைப்பைச் சற்றே நிறுத்தி யோசிக்கும்படி செய்துவிட்டது.

நாம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் குடியிருந்துகொண்டு, தினமும் பெர்ரி ஏறி அக்கரை சென்று, செபராங் பிறையிலுள்ள ஒரு தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். ஆங்கிலத்தில் படித்தவர் என்ற ஒரு காரணத்தினாலேயே, எதைப் பற்றியும் பிரசங்கம் செய்யத் தகுந்தவர் என்று தோட்டத்தில் நமக்கு ஒரு பெயர் உண்டு. அவ்வருஷம் ஜூன் மாதத்தில், தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுச் சிக்கனத்தைப் பற்றிப் பேசவேண்டுமென நிர்வாகத்தார் கேட்டுக்கொண்டார்கள். நாமும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டோம். நான்கைந்து ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டி, ஏழு நாளைக்கும் ஓர் உணவு அட்டவணை தயாரித்தோம். திங்கட்கிழமை முருங்கைக்கீரை, செவ்வாய்க்கிழமை நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும், புதன்கிழமை தட்டைப்பயறு என்று எழுதி, அரிசி முதல் கடுகு வரையில் விலை போட்டு, நான்கு பேருள்ள ஒரு குடும்பம் நாளொன்றுக்குப் பதினாறு வெள்ளியில் நன்றாகச் சாப்பிடலாம் என்று கணக்கும் காட்டினோம். வீட்டின் பின்புறத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டுக்கொண்டால் பதினான்கு வெள்ளியே போதும் என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தோம். அந்த அடிக்குறிப்பைப் பற்றி நமக்கு அப்போது இருந்த பெருமை கொஞ்சமல்ல.

கூட்டம் முடியும் சமயத்தில், முப்பது வருஷம் பால் மரம் வெட்டிய ஒரு கிழவியார் எழுந்து, "கிராணி ஐயா, மிச்சம் பிடிக்கிறதெல்லாம் சரி. அந்த மிச்சம் யாருக்கு?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் பாட்டி" என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் பொருள் நமக்கு விளங்க ஐந்து மாதம் ஆயிற்று.

அவ்வருஷம் ஜூலையில் இந்தியா வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு நூற்றுக்கு இருபது வரி போட்டது. செப்டம்பர் முதல் தேதியன்று மலேசியாவில் இறக்குமதி வெள்ளையரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாயிற்று. கிலோ இரண்டு வெள்ளி அறுபது காசென்று விலை கட்டப்பட்டிருந்த உள்ளூர் அரிசியோ கடைகளில் கண்ணுக்கே அகப்படவில்லை. நம் அட்டவணை அந்த இரண்டு வெள்ளி அறுபது காசின் மேல் கட்டப்பட்டது. நவம்பர் மாதத்தில் குடும்பத்துக்காரர்கள் சேர்ந்து, அரிசிப்படியாக மாதம் ஒரு சிறு தொகை கேட்டு மனுக் கொடுத்தார்கள். அதற்கு வந்த பதிலைத் தட்டச்சு செய்தவரும் நாமே. நான்கு பேர் பதினாறு வெள்ளியில் வாழலாம் என்று தோட்டத்தின் சொந்தக் கிராணியே கணக்குக் காட்டியிருக்கிறார். வேண்டுமானால் பதினான்கிலும் வாழலாம். ஆகையால் படிக்கு அவசியமில்லை என்பதே அந்தப் பதிலின் சாரம்.

சிக்கனம் செய்கிறவனுக்கே மிச்சம் சேருமென்று நாம் எண்ணியிருந்தது பிழை என்று அப்போது கண்டோம். ஒருவனுடைய கூலி அவனுடைய வேலையைக் கொண்டு அளக்கப்படாமல் தேவையைக் கொண்டு அளக்கப்படுமாயின், அவன் தேவையைக் குறைக்கக் குறைக்கக் கூலியும் குறையும். இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1863-இல் ஜெர்மனியில் லஸ்ஸால் என்பவர் கூலியின் இரும்பு விதி என்று பேசியது ஏறக்குறைய இதுவே. அவருடைய விதி எல்லாவிடத்தும் செல்லாது என்று பின்வந்த பொருளாதாரிகள் காட்டிவிட்டார்கள். சங்கம் வைத்துப் பேரம் பேசக்கூடிய இடத்தில் அது தோற்றுப்போகிறது. ஆனால் பேசமுடியாத இடத்தில்?

மலாயாவின் பழைய தோட்டங்களே அதற்கு விடை. 1920-களில் இந்தியத் தொழிலாளிக்குத் தரக் கூலி விதித்தபோது, அதிகாரிகள் ஒரு குடும்பம் எத்தனை அரிசி, எத்தனை பருப்பு, எத்தனை துணி செலவழிக்கிறது என்று பட்ஜெட் போட்டுப் பார்த்தே விதித்தார்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40 காசும் 32 காசும் ஆயிற்று. பட்ஜெட்டில் அரிசியை எழுதினவர்கள், பெண்ணுக்கு ஆணைவிட ஐந்தில் ஒரு பங்கு பசி குறைவு என்று எந்த வைத்தியரைக் கேட்டு எழுதினார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

அதே காலத்தில், ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஆறேகால் சென்ட் நிலம், பயிரிட்டுக்கொள்ள விடவேண்டுமென்றது. நல்ல சட்டமே. ஆறேகால் சென்டில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கீரையும் காயும் எடுக்கலாம். நாம் விலை போட்டுப் பார்த்திருக்கிறோம். ஆனால் விடியற்காலை பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பாலெடுத்து, வீடு திரும்பிய பிறகு அந்த நிலத்தைக் கொத்துகிற நேரத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள்? அங்கு விளைந்த கத்தரிக்காய் பட்ஜெட்டில் ஒரு காசைக் குறைக்க உதவுமேயானால், தொழிலாளி இலவசமாகக் கொத்தினது தன் வயிற்றுக்கா, முதலாளியின் லாபத்துக்கா என்ற கேள்வி எழாமற் போகாது.

நிற்க, தோட்டம் போடுவதே வீண் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். யுத்தத்துக்கு முன் மலாயா தான் உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் முதலிய வெளிநாடுகளிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்த பிறகு கப்பல் நின்றது. 1943 அக்டோபரில், பக்கத்திலிருந்த நெல் நாடாகிய கெடாவும் சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. பூந்தோட்டமும் பந்தாட்ட மைதானமும் மரவள்ளிக் கொல்லையாயின. மூன்றரை வருஷம் கிழங்கு தின்று உயிர் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகளில் நாமும் ஒருவர். கிழங்கு வயிற்றை நிரப்புமேயன்றி உடம்பைக் கட்டாது. வீங்கிய காலும் ஆறாத புண்ணுமாக மாண்டவர்கள் அநேகர். என்றாலும், கொல்லையில் ஒரு குச்சி நட்டவனுக்கு அதன் கிழங்கு சொந்தமாக இருந்தமட்டில், அவன் பிழைக்க ஒரு வழி இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஏழைகளின் அடுக்களைக்குப் பாடம் சொல்லப் போகிறவர்கள், அந்த அடுக்களை தங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் கேட்பது நலம். 1900-களின் ஆரம்பத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவின் சுரங்கங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஜனங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. தீட்டிய சயாம் அரிசியை உண்டவர்களுக்கு அது வருவதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களுக்கு வராததையும் நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த டாக்டர் பிராடன் கவனித்து, 1907-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் ஜெலுபுவில் வேலையாட்களைக் கொண்டு சோதித்து, அரிசியின் தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு பொருளே காரணமென்று நிலைநாட்டினார்கள். நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் இதை அறிந்து அவித்தார்கள் என்று பெருமையடிப்பது பொய். வழக்கமென்றே அவித்தார்கள். ஆனாலும் அவர்களிடம் சென்று உணவு அட்டவணை வாசித்த நம்முடைய அடக்கமின்மையை நினைத்தால் இன்றும் கூச்சமாயிருக்கிறது.

அப்படியானால் சிக்கனத்தைப் போதிக்க எவருக்குமே உரிமையில்லையா? உண்டென்றே நினைக்கிறோம். நம் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டாக அதைச் செய்து வருகிறது. தொட்டியிலாவது கீரை போடுங்கள் என்று அது சொல்லும். ஆனால் அதே வாயினால் விலை ஏன் ஏறிற்று என்றும், தோட்டத்து லயத்தில் குடிநீர் ஏன் இல்லை என்றும் கேட்டிருக்கிறது. 2019-இல் காலமான அதன் தலைவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள் எளிய வாழ்வைப் போற்றியவர்; அந்த எளிமையை எவருடைய கூலியைக் குறைக்கவும் அவர் அளவுகோலாகக் கொடுத்ததில்லை. நாமோ முதற் பாதியை மட்டும் பேசினோம்.

இவ்வளவும் யோசித்த பிறகு, ஒரு நாள் இராத்திரி நம்முடைய சொந்த வீட்டுக் கணக்கையும் எடுத்துப் பார்த்தோம். மாதச் செலவில் மிச்சம் பிடிப்பதாக நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் நாம். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நம் மனைவியாரைக் கேட்டதற்கு, அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "நீங்களும் பிள்ளையும் சாப்பிட்ட பிறகு மீன் இருந்தால் எடுத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் ரசம் இருக்கிறதே" என்றார். சௌராஸ்தா மார்க்கெட்டில் நாம் பேரம் பேசிக் குறைத்ததெல்லாம் சில்லறை. மிச்சத்தில் பெரும்பகுதி அவருடைய தட்டிலிருந்து வந்திருக்கிறது. தோட்டத்து நிர்வாகத்தாரின் மேல் நமக்கிருந்த கோபத்தில் ஒரு பங்கை, நாம் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. இப்போது மூவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மாதம் நூறு வெள்ளி கூடுதலாகிறது.

அரிசிப்படி கிடைக்கவில்லை. அட்டவணையைத் திருப்பித் தரும்படி நிர்வாகத்தாரைக் கேட்டோம். அது ஆபீசுக்குச் சொந்தமென்றார்கள். ஆகவே பைலிலிருந்த அந்தக் காகிதத்தின் அடியில், இதிலுள்ள அரிசி விலை 2023 செப்டம்பர் முதல் செல்லாது என்றும், வீட்டுக் கொல்லையில் உழைக்கும் நேரத்துக்கும், கடைசியில் சாப்பிடுகிறவரின் பங்குக்கும் இதில் கணக்கு இல்லையென்றும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தோம். கிழவியாரிடம் அதைச் சொன்னபோது, அவர் ஒன்றும் சொல்லாமல், தம் கொல்லையிலிருந்து ஒரு முருங்கைக் கொம்பை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பெர்ரியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.