காலியாய் விடப்பட்ட வீடு



பின்மாற்றம் என்று பேச்செடுத்தாலே இரண்டாம் பேதுரு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்துவிடுகிறோம். கக்கினதைத் தின்னத் திரும்பும் நாய். கழுவின பிறகும் சேற்றுக்கே போகும் பன்றி. கடுமையான எச்சரிப்புதான். ஆனால் அந்தப் பேதுரு மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்து, மனங்கசந்து அழுதவர். அதை மறந்து வாசித்தால், ஏற்கெனவே விழுந்து கிடக்கிறவன்மேல் கல்லெறிகிறவர்களாகிவிடுவோம்.

மனந்திரும்பினவன் ஏன் திரும்பப் பழைய வழிக்குப் போகிறான்? மத்தேயு 12-ல் இயேசுவே சொல்கிறார். துரத்தப்பட்ட அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கி, ஜோடித்திருக்கிறது. ஆனால் உள்ளே யாரும் இல்லை. தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடியேறுகிறது. வீடு அழுக்காயிருந்தது என்று ஆண்டவர் சொல்லவில்லை, கவனியுங்கள். காலியாயிருந்தது.

இங்கே மெல்பர்னில், டார்னெய்ட்டில் புதுவீட்டுச் சாவி வாங்கினவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாவி வாங்கினதோடு வீட்டை யாராவது பூட்டிப் போட்டுவிடுவோமா? ஆனால் மனந்திரும்பினவனை அப்படித்தான் விட்டுவிடுகிறோம். சாட்சி சொல்ல வைக்கிறோம், கைதட்டுகிறோம், அனுப்பிவிடுகிறோம்.

சூதாட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய மத்திய அரசு பெட்ஸ்டாப் என்ற பதிவேட்டைத் தொடங்கியது. அதில் பெயர் கொடுத்தால், உரிமம் பெற்ற இணைய, தொலைபேசிப் பந்தய நிறுவனம் எதுவும் உங்களைச் சேர்க்கக் கூடாது. மூன்று மாதமும் விலகலாம், ஆயுள் முழுக்கவும் விலகலாம். நல்ல ஏற்பாடு, தேவைப்படுகிறவர்கள் வெட்கப்படாமல் பதியுங்கள். ஆனால் பப்பில் இருக்கும் போக்கி என்னும் சூதாட்ட மெஷினுக்கு அந்தப் பதிவு செல்லாது. அதுவும் போகட்டும், பந்தயம் கட்டாத சனிக்கிழமை சாயங்காலத்தை அந்த மனிதர் எதைக்கொண்டு நிரப்புவார்?

அப்படி நிரப்பிக்கொண்ட ஒருவரைச் சொல்கிறேன். சிட்னியில் ஆர்தர் ஸ்டேஸ் என்றொரு குடிகாரர் இருந்தார். 1930 ஆகஸ்டில், பிராட்வே புனித பர்னபா ஆலயத்தில் ஏழைகளுக்கு நடந்த கூட்டத்துக்குப் போனார். தேநீரும் கேக்கும் கிடைக்கும் என்றுதான் போனார். அங்கே இரட்சிக்கப்பட்டார். 1932-ல் ஜான் ரிட்லி என்பவரின் பிரசங்கம் கேட்டதிலிருந்து, விடியுமுன் எழுந்து ஜெபித்து, சாக்குக்கட்டியோடு தெருவுக்குப் போய், நடைபாதையில் ‘நித்தியம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுத்தறிவு மிகக் குறைவான மனிதர். பல ஆண்டுகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1967-ல் இறந்தார். 2000 புத்தாண்டு இரவில் துறைமுகப் பாலத்தில் அந்த ஒரே சொல்லை விளக்குகளால் எழுதினார்கள். ஊர் அதை நினைக்கிறது. எனக்கு அந்த விடியற்காலைதான் பெரிதாய்த் தெரிகிறது. குடித்துக் கழிந்த நாட்களின் இடத்தில் ஜெபமும் வேலையும் ஏறி உட்கார்ந்துவிட்டன.

நவம்பர் முதல் செவ்வாய், மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம். ஊரே பந்தயம் கட்டும் விடுமுறை நாள். சூதாட்டத்தை விட்ட சகோதரர் ஒருவரை உங்களுக்குத் தெரியுமானால், அன்றைக்கு அவர் வீட்டில் தனியாய் இருக்க விடாதீர்கள். குடும்பத்தோடு உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இன்றைக்கே சொல்லி வையுங்கள்.